'தவறி விழுந்தார்' என்று எழுதுகிறார்கள், தள்ளிவிட்டது வெயில்

சித்திரை, வைகாசி மாதங்களில் நம் மாவட்டப் பக்கங்களில் வரும் ஒற்றைப் பத்திச் செய்திகளைச் சேர்த்து வைத்துப் படித்துப் பாருங்கள். தென்னை மரத்திலிருந்து தவறி விழுந்து தொழிலாளி பலி. கிணற்றில் தூர் வாரியபோது கால் இடறி விழுந்தவர் சாவு. பைக்கில் வேலை முடிந்து திரும்பியவர் நின்றிருந்த லாரி மீது மோதி உயிரிழப்பு. கிணற்றில் குளிக்கப் போன பள்ளி மாணவர்கள் நீரில் மூழ்கினர். ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும். பெயர், வயது, ஊர், 'போலீசார் விசாரித்து வருகின்றனர்'. அவ்வளவுதான்.

அதே பக்கத்தில் இன்னொரு செய்தி பெரிய எழுத்தில் இருக்கும்: 'சேலத்தில் வெயில் மீண்டும் சதம்'. இரண்டும் ஒரே நாளில், ஒரே தாளில் வருகின்றன. ஆனால் இரண்டையும் சேர்த்து யாரும் படிப்பதில்லை. காவல் நிலையம் படிப்பதில்லை, வட்டாட்சியர் அலுவலகம் படிப்பதில்லை, பல நேரங்களில் செத்தவர் வீட்டாரும் படிப்பதில்லை. 'விதி முடிஞ்சது, கால் வழுக்கிருச்சு' என்று சொல்லி அடக்கம் செய்துவிடுகிறோம்.

கால் ஏன் வழுக்கியது, கண் ஏன் இருட்டியது, அன்றைக்கு ஏன் அந்த மணியில் அவர் அந்த மரத்தில் இருந்தார் என்று கேட்டால், பல சாவுகளில் வெயிலின் கை தெரியும். வெயிலின் கைக்குப் பின்னால் சாதியின் கையும் தெரியும்.

வெயில் சாவு என்றால் எது?

அரசுக் கணக்கில் வெயில் சாவு என்பது ஒரே ஒரு வகைதான். உடம்பு கொதித்து, மயங்கி விழுந்து, வெப்பத் தாக்கத்தால் இறந்தார் என்று சான்று பெற்ற சாவு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியா முழுவதும் இப்படி இறந்தவர்கள் 730 பேர். நூற்று நாற்பது கோடி பேர் வாழும் நாட்டில், கொளுத்தும் கோடை உள்ள நாட்டில், ஓர் ஆண்டு முழுவதற்கும் 730.

அதே அறிக்கையில் வேறு பக்கங்களையும் புரட்ட வேண்டும். அதே 2022-இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38,503 பேர். எல்லா வகை விபத்துச் சாவுகளும் சேர்ந்து 4 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். மருத்துவக் கணக்கில் இவற்றில் பெரும்பாலானவை 'காயச் சாவுகள்' என்ற ஒரே பிரிவில் வரும். நோயால் வராமல், வெளியிலிருந்து வந்த அடியால், விழுந்ததால், மோதியதால், மூழ்கியதால், விஷத்தால், கைகலப்பால், தற்கொலையால் நேரும் சாவுகள்.

இந்தக் காயச் சாவுகளில் எத்தனை சாவு வெயிலால் கூடியது என்ற கேள்விக்கு நம் ஏடுகளில் இடமே இல்லை. வெயில் 730 பேரோடு நின்றுவிட்டது என்று நம்புவது நமக்கு எளிது. உண்மை அப்படி இல்லை என்பதை வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆய்வுகள் சொல்வது

லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ராபி பார்க்ஸ், மஜித் எஸ்ஸாத்தி ஆகியோரின் குழு 2020 ஜனவரியில் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவில் 1980 முதல் 2017 வரை நடந்த காயச் சாவுகளை மாதவாரியாக எடுத்து, அந்தந்த மாதம் வழக்கத்தைவிட எவ்வளவு வெப்பமாக இருந்தது என்பதோடு ஒப்பிட்டார்கள். ஓர் ஆண்டு வழக்கத்தைவிட ஒன்றரை டிகிரி செல்சியஸ் வெப்பமாக இருந்தால், அந்த நாட்டில் சுமார் 1,600 காயச் சாவுகள் கூடுதலாக நிகழும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. அதில் 84 விழுக்காடு ஆண்கள். பெரும்பாலும் பதின்வயது முதல் நடுவயது வரை உள்ளவர்கள். சாலை விபத்து, நீரில் மூழ்குதல், தாக்குதல், தற்கொலை ஆகிய நான்கும் வெப்பத்தோடு கூடின. வயதானவர்கள் விழுந்து சாவது மட்டும் அங்கே கொஞ்சம் குறைந்தது. குளிர் குறைந்தால் பனியில் வழுக்கி விழுவது குறையும் என்பது அதற்கு ஒரு விளக்கம். தம்மம்பட்டியில் பனி உறைவதில்லை. அந்தச் சலுகை நமக்குக் கிடையாது.

இன்னொரு ஆய்வு வேலைத்தளங்களைப் பற்றியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2001 முதல் 2018 வரை தொழிலாளர்கள் கொடுத்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட காய இழப்பீட்டு மனுக்களை எடுத்து, ஒவ்வொரு காயமும் நடந்த நாளின் வெப்பத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். குளிர்ச்சியான நாளோடு ஒப்பிட்டால், 85 முதல் 90 டிகிரி பாரன்ஹீட் அடிக்கும் நாளில் வேலைக் காயங்கள் 5 முதல் 7 விழுக்காடு கூடுகின்றன. நூறு டிகிரியைத் தாண்டிய நாளில் 10 முதல் 15 விழுக்காடு கூடுகின்றன. மேலே இருந்து விழுவது, வண்டி மோதுவது, இயந்திரத்தில் கை சிக்குவது என, வெயிலோடு சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும் காயங்கள் இவை. குறைந்த கூலி வாங்குபவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது.

இப்போது நம் ஊர்ச் செய்தித் தலைப்பை மறுபடி படியுங்கள். 'வெயில் சதம்' என்றால் நூறு டிகிரி பாரன்ஹீட், செல்சியஸில் 37.8. கிரிக்கெட் ஆட்டக்காரர் நூறு அடித்ததுபோல நாம் அதைச் சொல்கிறோம். ஆனால் அந்தச் சதம் விழும் நாளில் மரம் ஏறுபவர், கல் உடைப்பவர், மூட்டை தூக்குபவர், சித்தாள் வேலை செய்பவர் ஆகியோரின் உயிர் வழக்கத்தைவிடக் கூடுதல் ஆபத்தில் இருக்கிறது.

உடம்புக்குள் நடப்பது

வெயிலில் கடும் வேலை செய்யும் உடம்பிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வியர்வை வெளியேறும். போன தண்ணீரும் உப்பும் திரும்பி வராவிட்டால் இரத்தத்தின் அளவு குறையும். உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கி ஓடும். மூளைக்குப் போவது குறையும். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். கவனம் சிதறும். ஆபத்தைக் கண்டு கையும் காலும் விலகுவதற்கு எடுக்கும் நேரம் நீளும். உள்ளங்கை வியர்த்து, பிடித்த கயிறு நழுவும். அரை நொடி தாமதம் போதும்.

தென்னை ஏறுபவரை எடுத்துக்கொள்வோம். தம்மம்பட்டி, கெங்கவல்லிப் பக்கம் பாக்கும் தென்னையும் அதிகம். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இருபது மரம் ஏறினால்தான் வீட்டுக்கு ஏதாவது மிஞ்சும். காலை பத்து மணிக்குள் முடித்துவிடலாம் என்று தொடங்கினாலும் மரம் மிஞ்சியிருக்கும். 'இருக்கிற நாலு மரத்தையும் முடிச்சிட்டுப் போப்பா' என்று தோட்டக்காரர் சொல்வார். பதினொன்றரை மணிக்கு அவர் ஏறுவது அன்றைய பதினெட்டாவது மரம். விழுந்தால் 'தவறி விழுந்தார்'.

கிணற்று வேலை கோடையில்தான் நடக்கும். நீர் வற்றும்போதுதான் தூர் வாரவும் ஆழப்படுத்தவும் முடியும். நம் மேட்டுக்காட்டுக் கிணறுகள் அகலமானவை, ஆழமானவை. பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. உள்ளே பாறையின் அனல், மேலே உச்சி வெயில். வாளியில் மண் ஏற்றி அனுப்பும் கையும், மேலே நின்று வாங்கும் கையும் ஒரே அளவு சோர்ந்திருக்கின்றன. கல் விழுந்தாலும் ஆள் விழுந்தாலும் அது 'எதிர்பாராத விபத்து'.

அதே கிணறுதான் கோடை விடுமுறையில் பிள்ளைகளை இழுக்கிறது. வெக்கை தாங்காமல் குளிக்கப் போகிறார்கள். நகரத்துப் பிள்ளைக்கு நீச்சல் குளமும் சொல்லித்தரும் ஆளும் உண்டு. காலனிப் பிள்ளைக்கு யாரும் பார்க்காத கல்குவாரிக் குழியும், மோட்டார் ஓடாத பாழுங்கிணறும்தான். ஊர்க் கிணற்றில் இறங்கினால் கேள்வி வரும் என்று தூரத்துக் குழியைத் தேடிப் போன பிள்ளை மூழ்கினால், கூப்பிடு தொலைவில் காப்பாற்ற ஆள் இருக்காது.

மருந்தடிப்பதையும் இதில் சேர்க்க வேண்டும். 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டில் நமக்குப் பக்கத்து மாவட்டமான பெரம்பலூரிலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இறந்தார்கள். வீரியமான மருந்துக் கலவை, பாதுகாப்பு உடை இல்லாமை என்று பல காரணங்கள் பேசப்பட்டன. வெப்பமும் இதில் இருக்கிறது. புழுக்கத்தில் முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் போட்டு ஒருவரால் அரை மணி நேரம் நிற்க முடியாது, கழற்றி எறிவார். சூடேறி வியர்த்த தோல் விஷத்தை இன்னும் வேகமாக உள்ளே இழுக்கும்.

இரவும் கொல்கிறது. காலனியின் தொகுப்பு வீட்டுக் காங்கிரீட் கூரையும், சிமெண்ட் அட்டைக் கூரையும் பகல் முழுவதும் வாங்கிய அனலை இரவில் உள்ளே இறக்கும். விடிய விடிய விசிறிக்கொண்டு படுத்திருந்த ஆள் காலை ஐந்து மணிக்கு எழுந்து செங்கல் சூளைக்கோ சரக்கு வண்டிக்கோ போகிறார். ஆட்களை ஏற்றிச் செல்லும் மினி லாரியை ஓட்டுபவரும் அதே மாதிரி வீட்டில் தூங்காமல் கிடந்தவர்தான். வண்டி கவிழ்ந்தால் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று வழக்கு வரும்.

வெப்பம் மனதையும் வாட்டும். தமா கார்ல்டன் என்ற பொருளாதார ஆய்வாளர் இந்தியாவின் 47 ஆண்டுத் தற்கொலைக் கணக்கை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார். பயிர் வளரும் பருவத்தில், 20 டிகிரிக்கு மேல், ஒரு நாளின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நாட்டில் சராசரியாக 70 தற்கொலைகள் கூடுகின்றன. முப்பது ஆண்டுகளில் 59,300 தற்கொலைகளுக்குக் கூடிவரும் வெப்பம் காரணம் என்பது அவர் கணக்கு. பயிர் இல்லாத பருவத்தில் இந்த விளைவு தெரியவில்லை. வெயில் பயிரைக் கருக்குகிறது, பயிர் போனால் கூலி போகிறது, கூலி போனால் கந்துவட்டிக்காரர் வாசலுக்கு வருகிறார். நிலம் உள்ளவருக்குப் பயிர் இழப்பீடு கேட்கப் பட்டா இருக்கிறது. அந்த நிலத்தில் கூலி இழந்தவருக்குக் காட்ட எந்தக் காகிதமும் இல்லை. (மனம் உடைந்து இருப்பவர்கள் 104 அல்லது 14416 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை.)

வெயில் எல்லோருக்கும் ஒன்றா?

'வெயில் என்ன சாதி பார்த்தா அடிக்குது?' என்று கேட்பார்கள். வெயில் பார்ப்பதில்லை. வெயிலில் யார் நிற்க வேண்டும் என்பதைச் சாதி பார்த்து வைத்திருக்கிறது.

பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் அர்பித் ஷாவும் சக ஆய்வாளர்களும் அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பையும் வெப்பத் தரவையும் இணைத்துச் செய்த ஆய்வு 2025-இல் 'டெமாகிரபி' இதழில் வந்தது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழிலாளர்கள் மற்றவர்களைவிட வேலை நேரத்தின் பெரும்பங்கை வெட்டவெளியில் கழிக்கிறார்கள் என்று அது காட்டியது. வயது, கல்வி, பொருளாதார நிலை ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் சாதியின் தடம் மறையவில்லை. ஏழை என்பதால் மட்டும் வெயிலில் நிற்கவில்லை. தலித் என்பதாலும் நிற்கிறார்.

நம் ஊரில் இதைப் பார்க்க ஆய்வுக் கட்டுரை வேண்டாம். தோட்டத்தில் மோட்டார் ரூமின் நிழல் யாருக்கு, வரப்பில் உட்காரும் இடம் யாருக்கு என்று பாருங்கள். தண்ணீரைப் பாருங்கள். குடத்தில் தானே மொண்டு குடிக்க முடியாமல், யாராவது மேலிருந்து ஊற்றக் கையேந்திக் குடிக்க வேண்டிய இடங்கள் இன்னும் இருக்கின்றன. கேட்டால்தான் தண்ணீர், கேட்டால் முகச்சுளிப்பு என்றால், மனிதன் கேட்பதைக் குறைத்துக்கொள்வான். மூன்று முறை குடிக்க வேண்டிய இடத்தில் ஒரு முறை குடிப்பான். ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். தீண்டாமை இங்கே மானத்தோடு நிற்கவில்லை. நேராக இரத்த ஓட்டத்தில் போய் இறங்குகிறது. 1927-இல் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்து நீரைக் கையில் அள்ளியபோது கேட்ட உரிமைக்கு, இந்த வெயில் காலத்தில் உயிர் என்ற பொருளும் சேர்ந்துவிட்டது. கிணறு, குளம், குழாய் போன்ற பொது நீர்நிலையைத் தலித் மக்கள் பயன்படுத்த விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

அடிபட்ட பிறகும் வேறுபாடு தொடர்கிறது. உடம்பில் நீர் வற்றிய நிலையில் அடிபட்டவர், இரத்தப்போக்கைத் தாங்கும் வலு குறைந்தவர். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையில் இருக்கும் நம் பகுதியிலிருந்து பலத்த அடிபட்டவரை ஆத்தூருக்கு, அங்கிருந்து சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு என்று கொண்டு போக வேண்டும். முதல் 48 மணி நேர இலவசச் சிகிச்சைக்காக 2021-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கானது. மரத்திலிருந்து விழுந்தவருக்கு அந்தக் கதவு திறக்காது.

ஏட்டில் நடக்கும் இரண்டாவது சாவு

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. நல்ல முடிவு, வரவேற்க வேண்டியது. அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் ஈரோடு, சேலம், கரூர் பரமத்திப் பகுதிகள் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டித் தகித்ததை நாம் மறக்கவில்லை.

ஆனால் இரண்டு இடங்களில் நம் மக்கள் இந்த வலையிலிருந்து நழுவிவிடுகிறார்கள்.

ஒன்று, 'வெப்ப அலை' என்ற சொல். வானிலைத் துறையின் இலக்கணப்படி, சமவெளியில் வெப்பம் குறைந்தது 40 டிகிரியைத் தொட வேண்டும். அன்றைய வழக்கமான அளவைவிட நாலரை டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். ஓர் ஊரின் வழக்கமான கோடை வெப்பம் 38 என்றால், 42.5 வந்தால்தான் அது வெப்ப அலை. வேலைக் காயங்களோ 30 டிகிரியிலேயே கூடத் தொடங்கிவிடுகின்றன. அதோடு, வானிலைத் துறை அளப்பது நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள். தோட்டத்தில் நிற்பவரின் தலைக்கு மேல் அந்தப் பெட்டி இல்லை.

இரண்டு, காவல் நிலைய எழுத்து. இயற்கைக்கு மாறான சாவு என்றால் போலீசார் பதிவு செய்வதை நம் ஊரில் '174 கேஸ்' என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டத்தின் 194-ஆம் பிரிவு. பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை நடத்தி, சாவுக்கான காரணம் என்னவாகத் தெரிகிறது என்று எழுத வேண்டும். அங்கே எழுதப்படும் ஒற்றை வரிதான் பிறகு எல்லா மேசைகளிலும் பேசும். 'தவறி விழுந்தார்' என்று எழுதினால் தவறு விழுந்தவருடையது. எத்தனை மணி, எத்தனை மணி நேரமாக வேலை, தண்ணீர் இருந்ததா, நிழல் இருந்ததா என்று எழுதினால் கேள்வி வேலை கொடுத்தவரிடமும் அரசிடமும் போகும். பிரேதப் பரிசோதனையில் வெயிலுக்கென்று தனி அடையாளம் பெரும்பாலும் கிடைக்காது. சூழ்நிலை விவரம்தான் சான்று. அந்த விவரம் முதல் நாளே பதிவாகாவிட்டால் பிறகு எங்கே தேடினாலும் கிடைக்காது.

அதனால் இப்படி ஒரு சாவு நேர்ந்தால், துக்கத்துக்கு நடுவிலும் உறவினரில் படித்த ஒருவர் சில வேலைகளைச் செய்ய வேண்டும். பிரேத விசாரணையின்போது அருகில் இருந்து, வேலை தொடங்கிய நேரம், விழுந்த நேரம், முன்பே தலைசுற்றல், தலைவலி, வாந்தி என்று சொன்னாரா, தண்ணீரும் ஓய்வும் கிடைத்ததா என்பதை வாக்குமூலத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கும்போதே 'வெயிலில் வேலை செய்துகொண்டிருந்தார்' என்று மருத்துவரிடம் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல்களையும், அன்றைய வெப்ப அளவு வந்த செய்தித்தாளையும் பத்திரப்படுத்த வேண்டும்.

பிறகு தட்ட வேண்டிய கதவுகள் சில. வெயில்தான் காரணம் என்று காட்ட முடிந்தால் வட்டாட்சியரிடம் 4 லட்சம் நிவாரண மனு. வேலை காரணமாக நேர்ந்த விபத்துக்கு வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்பது 1923 முதல் சட்டம்; இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்திருக்கிறது. தொழிலாளர் துறையிடம் கேட்க வேண்டும். காலக்கெடு உண்டு, தள்ளிப்போடக் கூடாது. கட்டுமானம், உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியங்களில் பதிவு செய்தவர் என்றால் விபத்து மரண உதவி உண்டு. நிலமற்ற வேளாண் தொழிலாளர்களின் விபத்து மரண உதவி 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயரும் என்று 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கை சொன்னது. இவற்றில் பெரும்பாலானவை பதிவு அட்டை இருந்தால்தான் நடக்கும். காலனியில் எத்தனை பேரிடம் அட்டை இருக்கிறது என்று இந்த வாரமே எண்ணிப் பாருங்கள்.

தடுக்க முடியுமா?

முடியும். 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46 டிகிரியைத் தாண்டியது. அந்த மாதம் நடந்த எல்லாச் சாவுகளையும் எண்ணி, வழக்கமான ஆண்டுகளோடு ஒப்பிட்டபோது 1,344 சாவுகள் கூடுதலாக நடந்திருந்தன. சான்றிதழில் 'வெயில்' என்று இருக்கிறதா என்று தேடாமல் எல்லாவற்றையும் எண்ணியதால்தான் அது தெரிந்தது. 2013-இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவில் 2005-இல் வெளிவேலை செய்வோருக்குத் தண்ணீர், நிழல், ஓய்வு கட்டாயம் என்று விதி வந்தது. அதன் பிறகு வெப்ப நாள்களில் நடக்கும் வேலைக் காயங்கள் குறைந்ததை மேலே சொன்ன ஆய்வே பதிவு செய்திருக்கிறது. தண்ணீர், நிழல், ஓய்வு. மூன்றுக்கும் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை.

நூறு நாள் வேலைக்கான 2005 சட்டமே வேலை நடக்கும் இடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று எழுதியது. அந்த நிழல் எத்தனை இடங்களில் இருந்தது என்பது ஏரி வேலைக்குப் போன அம்மாக்களுக்குத் தெரியும். எழுதிய சட்டத்தை நடத்திக் காட்டுவதுதான் முதல் கோரிக்கை. அடுத்தது, ஏப்ரல், மே மாதங்களில் பகல் பதினொன்று முதல் மூன்றரை வரை வெட்டவெளி வேலை நிறுத்தம், கூலி குறையாமல். கூலி குறையும் என்றால் எந்த ஓய்வு விதியும் ஏழைக்கு எதிரானதாகிவிடும். ஊரோரக் கிணறுகளுக்கும் கைவிட்ட குவாரிக் குழிகளுக்கும் சுவரோ வேலியோ வேண்டும். காலனிப் பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சி வேண்டும். தொகுப்பு வீட்டுக் கூரைகளுக்கு வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு வேண்டும். பிரேத விசாரணை அறிக்கையில் 'சம்பவ நேரம், அன்றைய வெப்பம், செய்துகொண்டிருந்த வேலை' என்று மூன்று வரிகளுக்கு இடம் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, மணி, என்ன வேலை, எப்படி அடிபட்டது, அன்றைய வெப்பம். பங்குனி முதல் ஆனி வரை உங்கள் காலனியிலும் சுற்று ஊர்களிலும் நடக்கும் ஒவ்வொரு விபத்தையும், சாவாக இருந்தாலும் காயமாக இருந்தாலும், அதில் எழுதுங்கள். செத்தவர் பெயரை வெளியில் சொல்ல வேண்டியதில்லை. மணியும் வெப்பமும் போதும். ஒரு கோடையில் ஒரு காலனியின் கணக்கு சிறியதாகத்தான் இருக்கும். பத்து ஊர் நோட்டுகளைச் சேர்த்தால் அதற்கு ஓர் உருவம் வரும்.

மே முதல் தேதி தொழிலாளர் தினத்தன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடும். மூன்று நாள் கழித்து மே 4-இல் அக்கினி நட்சத்திரம் தொடங்கும். அந்தக் கிராம சபையில் இந்த நோட்டைப் படித்து, வேலை நேரத்துக்கும் தண்ணீருக்கும் தீர்மானம் கேளுங்கள். பதிவேட்டில் தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதிய பிறகு படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.